கலியாணத்துக்கு ஐந்து கிழமை: பல்லை வெள்ளையாக்குவதா, துப்புரவாக்குவதா?

கடந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். முதலாவது ஆள், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இரண்டு தட்டு மேலே இருக்கும் பிள்ளை. ஆவணியில் கலியாணம். "அன்ரி, போட்டோவில சிரிச்சா பல் மஞ்சளாத் தெரியுது. வைட்டனிங் செய்யட்டோ?" இரண்டாவது, என் கணவரின் பழைய சிநேகிதர். புறக்கோட்டையில் கடை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வாயில் எந்நேரமும் வெற்றிலை. மகள் கனடாவிலிருந்து வருகிறாளாம், அதற்குள் பல்லைக் "கொஞ்சம் பார்க்கக்கூடிய மாதிரி" ஆக்க வேண்டுமாம். மூன்றாவது, அநுராதபுரத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து குடியேறிய ஒரு தாய். மகனுக்குப் பதினைந்து வயது. முன்பற்களில் வெள்ளைத் திட்டுகளும் மண்ணிறக் கோடுகளும். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து சிரிப்பதே இல்லையாம்.

கேள்வி ஒன்றுதான். பதில் மூன்று.

நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தடவை காசைக் கொடுத்து ஏமாந்து, அப்புறம் ஒழுங்காகச் செய்துகொண்டவள் என்பது எங்கள் தொடர்மாடியில் எல்லோருக்கும் தெரியும். ஏமாந்தது ஒரு சலூனில். முடி வெட்டப் போன இடத்தில், ஒரே மணி நேரத்தில் பல் வெளுக்கும் என்று ஒரு பதாகை தொங்கியது. சாய்கதிரையில் படுக்க வைத்தார்கள். உதட்டை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம், பல்லில் ஜெல், முகத்துக்கு நேரே நீல விளக்கு. முரசுக்குப் பாதுகாப்பாக எதையும் பூசவில்லை. இருபதாவது நிமிடத்தில் முரசு ஓரம் எரியத் தொடங்கியது. கையை ஆட்டிக் காட்டினேன். "அது வேலை செய்யுது அக்கா" என்றாள் ஜெல் பூசிய சலூன் பிள்ளை. எழுந்து கண்ணாடியில் பார்த்தால் முரசின் விளிம்பு அவித்த மீன் மாதிரி வெளிறிக் கிடந்தது. பற்களும் வெளுத்துத்தான் இருந்தன, ஒன்றைத் தவிர.

என் மேல்வரிசை முன்பல் ஒன்று கேப், அதாவது பல்லின் மேல் மாட்டிய செயற்கை உறை. சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து உடைத்தது. அதை அங்கே யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. சுற்றியிருந்த பற்கள் எல்லாம் வெளுத்துவிட, கேப் மட்டும் பழைய நிறத்தில், வரிசை விளக்கில் ஒரு பல்ப் மங்கினது போல நின்றது. பத்து நாளில் மற்றப் பற்களும் பாதி பழைய நிறத்துக்கே திரும்பி அதோடு சமாதானமாகப் போய்விட்டன என்பது வேறு கதை.

## எதை வைத்து முடிவெடுப்பது

எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், மஞ்சள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல்லின் மேலா, பல்லின் உள்ளேயா? மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பல்லின் மேல்படையான எனாமல் கொஞ்சம் ஒளி புகக்கூடியது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். நாம் பார்க்கும் பல் நிறம், எனாமல் வழியாகத் தெரியும் டென்டினின் நிறம். வயது போகப் போக எனாமல் தேய்ந்து மெல்லிதாகும், உள்ளே டென்டின் தடிக்கும், பல் மஞ்சளாகும். இது உள்நிறம். தேத்தண்ணி, கோப்பி, சிகரெட், வெற்றிலை, இரும்புச்சத்துப் பாணி, முரசு வருத்தத்துக்குக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி ஆகியவை பல்லின் மேல் ஒட்டுவது மேல்காவி. மேல்காவியைச் சுரண்டி எடுக்கலாம். உள்நிறத்தைச் சுரண்ட முடியாது. அதை வெளுக்கத்தான் பெரொக்சைட் என்ற வெளுக்கும் இரசாயனம் வேண்டும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காலை வெளிச்சத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, கைக்கண்ணாடியால் கீழ் முன்பற்களின் உட்புறத்தை, நாக்குப் படும் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும், இரண்டு பல்லுக்கு நடுவிலும், முரசை ஒட்டிய வரியிலும் மண்ணிறமாகப் படிந்திருந்தால் அது மேல்காவி. பல் முழுக்கச் சீரான மஞ்சளாக இருந்து, வேட்டைப்பல் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடிய மஞ்சளாக இருந்தால் அது உள்நிறம். வேட்டைப்பல் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஒரேயொரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறியிருந்தால் அது அழகுப் பிரச்சினை அல்ல. உள்ளே நரம்பு செத்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு கொழும்புக் குறிப்பு. நாளைக்கு நாலு பிளேன்ரீ குடிப்பவர்களின் பல்லும், பால்தேத்தண்ணி குடிப்பவர்களின் பல்லும் ஒரே மாதிரிக் காவி பிடிப்பதில்லை. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் தனினைப் பிடித்துக்கொள்வதால் பல்லில் ஒட்டுவது குறைகிறது. பால் மா விலை ஏறியபோது பிளேன்ரீக்கு மாறிய வீடுகளில் பல்லும் மாறியிருக்கும்.

இரண்டாவது, வாயின் நிலைமை. பெரொக்சைட் எனாமலைக் கடந்து உள்ளே போகும் பொருள். சூத்தைப் பல், வெடித்த பல், முரசு இறங்கி வேர் தெரியும் பல், கழன்ற பில்லிங் இருந்தால் அது நேரே நரம்புக்குப் போய்ச் சுள்ளென்று ஏறும். மூன்றாவது, முன்வரிசையில் செயற்கையாக என்ன இருக்கிறது? கேப், வெனியர் (பல்லின் முகத்தில் ஒட்டும் மெல்லிய ஓடு), பல்நிற பில்லிங் எதுவும் வெளுக்காது. நான்காவது, கையில் எத்தனை நாள் இருக்கிறது? ஐந்தாவது, முதல் பில்லுக்குப் பிறகு வரும் செலவு. ஆறாவது, செய்தது பிடிக்காவிட்டால் பழையபடிக்குத் திரும்ப முடியுமா?

இன்னொன்றும் உண்டு. அதை அளவுகோல் என்று சொல்ல மாட்டேன், மனநிலை என்றுதான் சொல்லலாம். பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் நிற அட்டையில் 16 நிறங்கள். அதில் ஆக வெளிறியதுகூடக் கடதாசி வெள்ளை அல்ல. உங்கள் கண்ணின் வெண்மையோடு பல் ஒத்துப்போனால் இயல்பாக இருக்கும். அதைத் தாண்டினால் தூரத்திலிருந்தே தெரியும், நல்ல விதமாக அல்ல.

## ஒன்றும் செய்யாமல் விடுவது

செலவில்லாத வழி. காவி இல்லாமல், வயதுக்கு ஏற்ற இளமஞ்சளாக இருந்தால் இதுவே போதும். லேசான மஞ்சள் ஒரு நோய் அல்ல. போட்டோவில் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் போட்டோ எடுத்த இடத்தின் விளக்கையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டியே மஞ்சளாகத்தான் விழும்.

## கிளீனிங்: ஸ்கேலிங்கும் பொலிஷிங்கும்

என்னைக் கேட்டால், வைட்டனிங் வேண்டும் என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். ஸ்கேலிங் என்றால் சுரண்டி எடுப்பது, பொலிஷிங் என்றால் மினுக்குவது. மேல்காவி, பல்லில் கல்லாக இறுகிய பற்காரை இரண்டும் ஒன்றிரண்டு தடவையில் போய்விடும். கடைசியாக எப்போது கிளீனிங் செய்தீர்கள் என்பது நினைவில் இல்லாவிட்டால், வேறு எதையும் யோசிக்காமல் இதைச் செய்துவிட்டு, இரண்டு கிழமை கழித்து மறுபடியும் கண்ணாடி பாருங்கள். பலருக்குக் கேள்வியே அத்தோடு முடிந்துவிடும். முடியாவிட்டாலும் நட்டமில்லை. காவிக்கு மேல் ஜெல் பூசினால் ஒழுங்காக வேலை செய்யாது, எப்படியும் கிளீனிங்தான் முதல் படி.

கொழும்பில் இதற்கு இரண்டு பாதை. தனியார் கிளினிக்கில் நேரம் எடுத்துக்கொண்டு போகலாம். அல்லது வார்ட் பிளேஸில் இருக்கும் தேசிய பல் வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கே சிகிச்சை இலவசம். ஆனால் விடியவே போக வேண்டும், வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அரை நாள் லீவு வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த அரை நாள்தான் மறைந்திருக்கும் செலவு.

"கிளீன் பண்ணினா பல் ஆடும்" என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். என் மாமியார் இதைச் சொல்லிச் சொல்லியே இருபது வருடம் தள்ளிப்போட்டார். பற்காரை வருடக்கணக்காகச் சேரும்போது முரசும் எலும்பும் கீழே இறங்குகின்றன. பல் அப்போதே ஆடத் தொடங்கியிருக்கும், காரை சீமெந்து மாதிரிப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் தெரிகிறது. பழி கிளீனிங்குக்கு விழுகிறது. உண்மையான பக்கவிளைவு சில நாள் கூச்சம். அவ்வளவுதான்.

வெற்றிலை போடுபவர்களுக்கு இந்த வழியில் இன்னொரு இலாபம் உண்டு, அது நிறத்தைவிடப் பெரியது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கைக்கூடப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. கிளீனிங்குக்கு உட்கார்ந்தால் வைத்தியர் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்ப்பார். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, உறைப்புப் பட்டால் எரிவு, வாய் முன்னைப் போல அகலத் திறக்காமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பல் நிறத்தை மறந்துவிட்டு அதைத்தான் கவனிக்க வேண்டும்.

## கடையில் வாங்குவது: பற்பசை, கரி, ஸ்ட்ரிப்

'வைட்டனிங்' என்று எழுதிய பற்பசைகள் பெரும்பாலும் இரண்டு வேலைதான் செய்கின்றன. ஒன்று, நுண்ணிய துகளால் மேல்காவியைத் தேய்ப்பது. மற்றது, சிலவற்றில் இருக்கும் நீல நிறமி பல்லின் மேல் மெல்லிதாகப் படிந்து மஞ்சளை மறைப்பது. வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுவது மாதிரி. உள்நிறத்தை இரண்டும் தொடாது.

கரிக்கு இப்போது மவுசு. உமிக்கரியால் பல் தேய்த்த தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள், அதே கரியைக் கறுப்புக் குழாயில் அடைத்து மூன்று மடங்கு விலைக்குத் தருகிறார்கள். கரிப் பற்பசை பாதுகாப்பானது, பலன் தரக்கூடியது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கத்தின் இதழில் 2017 இல் வந்த ஆய்வுத் திரட்டு சொன்னது. அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேயும். எனாமல் தேய்ந்தால் கீழே இருப்பது என்ன நிறம்? மஞ்சள். வெள்ளையாக்கப் போய் மஞ்சளை வெளியே கொண்டுவரும் வேலை. தேசிக்காய்ப் புளியும் அப்பச்சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் இதைவிட மோசம். புளி எனாமலை இளக்கும், இளகியதை நீங்கள் தூரிகையால் தேய்த்துவிடுவீர்கள். எனாமல் திரும்ப வளராது.

ஸ்ட்ரிப், பல்லின் மேல் ஒட்டும் ஜெல் தடவிய மெல்லிய பட்டி, வேறு வகை. அதில் பெரொக்சைட் உண்டு, உண்மையாகவே வெளுக்கும். ஆனால் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி கடையில் நேரடியாக விற்கும் பொருளில் ஐதரசன் பெரொக்சைட் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 6 சதவீதம் வரை உள்ளவை பல் வைத்தியரின் வழியாக மட்டும், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பிரித்தானியாவிலும் இதே வரம்புதான். அமெரிக்காவில் விற்கும் ஸ்ட்ரிப்களில் 10 சதவீதம் அளவில்கூட உண்டு. ஆகவே இலண்டன் சித்தி வாங்கி வந்ததும் அமெரிக்க மாமா வாங்கி வந்ததும் ஒரே பொருள் அல்ல.

ஸ்ட்ரிப்பின் குறை, அது எல்லா வாய்க்கும் ஒரே அளவில் வெட்டப்பட்டது. பல் நெருக்கியோ ஏறி இறங்கியோ இருந்தால் மடிப்புகளில் படாது, வேட்டைப்பல்லுக்கு எட்டாது. அப்புறம் எங்கள் வெயில். பெரொக்சைட் சூட்டில் சிதைந்து வலுவிழக்கும். இணையத்தில் வாங்கிய பெட்டி எத்தனை நாள் எந்தத் தகரக் கூரையின் கீழ் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? பெயர் தெரியாத உற்பத்தியாளரின் ஜெல்லை வாய்க்குள் வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## வீட்டில் போடும் ட்ரே, வைத்தியர் செய்து கொடுப்பது

இரண்டாம் தடவை நான் செய்தது இது. எனக்குப் பிடித்த வழி என்பதை மறைக்கவில்லை.

முதல் நாள் வைத்தியர் ரோஸ் நிறத்தில் மா மாதிரிக் குழைத்த ஒரு பொருளை வாயில் வைத்துப் பல்லின் அச்சை எடுத்தார். குமட்டல் வரும், மூக்கால் மூச்சு விடச் சொன்னார். சில நாள் கழித்து, கண்ணாடித் தாள் போல மெல்லிய இரண்டு ட்ரே, ஊசிக்குழாயில் ஜெல். இரவில் ஒவ்வொரு பல்லின் இடத்திலும் ஒரு அரிசி மணி அளவு ஜெல் வைத்து, ட்ரேயைப் பொருத்திவிட்டுப் படுக்க வேண்டும். முரசில் வழிந்ததைப் பஞ்சால் துடைக்க வேண்டும். முதல் நாள் ஆசையில் கூட வைத்தேன், முரசு காந்தியது. மறுநாள் அரிசி மணிக்குத் திரும்பினேன்.

இந்த முறை 1989 இல் அமெரிக்காவில் இரண்டு பல் வைத்தியர்கள் எழுதிய கட்டுரையோடு பரவியது. வழமையான ஜெல் 10 சதவீத கார்பமைட் பெரொக்சைட். வாயில் அது உடைந்து 3.5 சதவீத அளவு ஐதரசன் பெரொக்சைட்டைத் தரும். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்திலேயே வெளியாகிவிடும், மிச்சம் மெதுவாக. வயதால் வந்த மஞ்சளுக்கு இரண்டு முதல் நான்கு கிழமை. சிறுவயதில் டெட்ராசைக்கிளின் மருந்து எடுத்ததால் வந்த சாம்பல் கோடுகளுக்கு மாதக்கணக்கு.

கூச்சம் வரும். எனக்கு நாலாம் நாள் பிரிட்ஜ் தண்ணி குடித்தபோது மேல் முன்பல்லில் ஊசி ஏறினது மாதிரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன், பொட்டாசியம் நைத்திரேற்று உள்ள கூச்சப் பற்பசைக்கு மாறினேன். முடித்த சில நாளில் போய்விட்டது. மெதுவாக நடப்பதால் எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. எனக்கு அது முக்கியமாக இருந்தது. இம்முறை மற்றப் பற்கள் நிலைத்த பிறகு கேப்பை அந்த நிறத்துக்கு மாற்றிக்கொண்டேன். வெளுத்து முடித்து இரண்டு கிழமை பொறுக்கச் சொன்னார் வைத்தியர். நிறம் நிலைக்க வேண்டும், பில்லிங் மாற்றுவதானாலும் பல்லில் தங்கிய ஒட்சிசன் போனால்தான் பசை பிடிக்கும்.

மறைந்த செலவு: புதுக் கேப். அது வைட்டனிங்கைவிடக் கூட வந்தது. இதை முதலே கணக்கில் எடுங்கள். மறைந்த இலாபம்: ட்ரே உங்களுடையது. ஒன்று முதல் மூன்று வருடத்தில் நிறம் மங்கும்போது ஜெல் மட்டும் வாங்கினால் போதும், இரண்டு மூன்று இரவில் திரும்பிவிடும்.

யாருக்குச் சரிவராது? இரவில் களைத்து விழுந்து படுப்பவர்களுக்கு, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, எதையும் மூன்று நாளுக்கு மேல் தொடராதவர்களுக்கு. ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்வார்கள்.

## கிளினிக் கதிரையில் ஒரே நாளில்

இங்கே பயன்படுத்துவது 25 முதல் 40 சதவீதம் வரை உள்ள வலுவான ஐதரசன் பெரொக்சைட். அதனால்தான் முரசின் மேல் முதலில் ஒரு பிசினைப் பூசி இறுக்கிப் பாதுகாக்க வேண்டும். என் சலூனில் நடக்காதது அதுதான். நீல விளக்கு பார்க்க நன்றாக இருக்கும். நிலைத்த வெண்மைக்கு அது பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

ஒரு மணி நேரம் வாய் திறந்திருக்கும்போது பல் காயும். காய்ந்த பல் இன்னும் வெள்ளையாகத் தெரியும். எழுந்து கண்ணாடி பார்க்கும் அந்த நிமிடத்தில்தான் முன்-பின் படம் எடுக்கிறார்கள். ஈரம் திரும்பியதும், ஒன்றிரண்டு கிழமைக்குள், நிறம் சற்று இறங்கும். ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன், பல்லின் இயல்பு. ஆனால் காசு கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி: "இரண்டு கிழமை கழித்து வந்தால் நிற அட்டையை வைத்துத் திரும்பப் பார்ப்பீங்களா? இன்னொரு தடவை செய்ய வேண்டி வந்தால் அது இந்த விலைக்குள்ளா, வெளியிலா?" பல இடங்களில் ஒரு தடவை போதாமல் வீட்டு ஜெல்லும் சேர்த்துத் தருவார்கள். அப்போது இரண்டு வழிக்கும் காசு கொடுக்கிறீர்கள்.

இது சிறந்த வழியாகும் ஆட்கள் உண்டு. நாள் நெருங்கியவர், ட்ரே வைத்தால் குமட்டுகிறவர், தானாகத் தொடர்ந்து செய்ய மாட்டார் என்று தன்னைத் தெரிந்தவர். அன்றிரவு சுள் சுள்ளென்று மின்னல் மாதிரி வலி ஓடலாம், மறுநாள் முக்கியமான வேலை வைக்காதீர்கள்.

செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்த பல் வைத்தியரா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அந்தக் கூச்சம் பல்லுக்குப் போகும். பிரித்தானியாவில் வெண்மையாக்கல் பல் மருத்துவமாகவே கருதப்படுகிறது, பதிவில்லாத சலூன்காரர் செய்தால் குற்றம்.

## மூடி மறைப்பது: வெனியர்

பல்லின் முகத்தில் ஓடு ஒட்டுவது. பீங்கான் ஓட்டுக்குப் பெரும்பாலும் எனாமலைச் சீவ வேண்டும். சீவியது திரும்பாது. பத்து, பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரும். இருபத்தைந்து வயதில் செய்பவர் வாழ்நாளில் எத்தனை தடவை மாற்ற வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பிசினால் செய்வது மலிவு, சீவுவதும் குறைவு. ஆனால் ஓரம் உடையும், அதிலும் காவி பிடிக்கும். கடுமையான டெட்ராசைக்கிளின் கறைக்கும், உருக்குலைந்த எனாமலுக்கும் இது நியாயமான வழி. வெறும் மஞ்சளுக்கு இது பூச்செடி வெட்டக் கோடரி.

வேர் சிகிச்சை செய்த ஒற்றைப் பல் கறுத்திருந்தால், அதற்குள்ளேயே மருந்து வைத்து வெளுக்கும் முறை உண்டு. எல்லாப் பல்லையும் தொட வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த நிறத்துக்கு | எவ்வளவு காலம் எடுக்கும் | பிறகு வரும் செலவு | திரும்ப முடியுமா | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| கிளீனிங் | தேத்தண்ணி, வெற்றிலை, சிகரெட் காவி | ஒன்றிரண்டு தடவை | திரும்பத் திரும்பச் செய்வது | கேள்வியே இல்லை | எல்லோருக்கும், முதலாவதாக |
| பற்பசை, கரி | மேல்காவி, அதுவும் கொஞ்சம் | மாதக்கணக்கு | தேய்ந்த எனாமல் | தேய்ந்தால் முடியாது | கிளீனிங்குக்குப் பின் சாதாரணப் பற்பசையே போதும் |
| ஸ்ட்ரிப் | லேசான உள்நிறம் | ஒன்றிரண்டு கிழமை | படாத இடங்களில் திட்டு | தானாக மங்கும் | வரிசையான பல், நம்பகமான பொருள் உள்ளவர் |
| வீட்டு ட்ரே | உள்நிறம் | 2–4 கிழமை | கேப், பில்லிங் மாற்றுவது | தானாக மங்கும் | ஒழுங்காகத் தொடரக்கூடியவர் |
| கிளினிக் கதிரை | உள்நிறம் | ஒரு நாள், சில வேளை இரண்டு மூன்று தடவை | மேலதிக தடவைகள், வீட்டு ஜெல், கேப் | தானாக மங்கும் | அவசரம் உள்ளவர் |
| வெனியர் | கடும் கறை, உருக்குலைவு | சில கிழமை | பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றுவது | சீவினால் முடியாது | வேறு வழி பலிக்காதவர் |

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வெளுப்பதைத் தள்ளி வைக்க வேண்டும். ஏற்கனவே ஐஸ் தண்ணிக்கே துடிப்பவர்கள் அந்தக் கூச்சத்தின் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் யோசிக்க வேண்டும். சூத்தை உள்ளவர்கள் முதலில் அதை அடைக்க வேண்டும், அதுவும் முன்பல் என்றால் தற்காலிகமாக அடைத்து, வெளுத்த பிறகு அந்த நிறத்தில் நிரந்தரமாக.

## மூன்று பேருக்கும் சொன்னது

புறக்கோட்டைக்காரருக்கு வைட்டனிங் வேண்டாம் என்று சொன்னேன். அவருடைய காவி வருடக்கணக்கில் ஏறின படை. இரண்டு தடவை கிளீனிங் செய்தார். கீழே வந்த பல் இளமஞ்சள்தான், ஆனால் அது பல் என்று தெரிந்தது. வைத்தியர் கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு இடத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, வெற்றிலையை நிறுத்தி மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். மகளுக்குப் பல் பிடித்துக்கொண்டது. இப்போது திகதியை நினைவூட்டுவது அவள்தான்.

கொட்டாஞ்சேனைப் பையனின் கறை, வறண்ட வலயக் கிணற்று நீரின் புளோரைட் போட்டது. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் இது புதுமை இல்லை. பல் உருவாகும் வயதில் உள்ளே பதிந்தது, கொழும்புத் தண்ணிக்கு மாறியதால் போகாது. வெளுக்கும் ஜெல் வைத்தால் வெள்ளைத் திட்டுகள் ஆரம்பத்தில் இன்னும் தூக்கலாகத் தெரியும், பதினைந்து வயதுக்கு அது உகந்ததும் அல்ல. ஆனால் எனாமலின் மேல்தோலை மிக மெல்லிதாகத் தேய்த்து மண்ணிறத்தை எடுக்கும் முறையும், திட்டுக்குள் பிசினைச் செலுத்தி மறைக்கும் முறையும் உண்டு. இரண்டும் வைத்தியர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. அதற்குத்தான் வார்ட் பிளேஸுக்குப் போகச் சொன்னேன். சலூன் விளம்பரத்தைக் கைத்தொலைபேசியில் காட்டிய தாயிடம், அதை அழித்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.

மணப்பெண்ணுக்கு ஐந்து கிழமை இருந்தது. முதல் கிழமை கிளீனிங். அவள் நாலு பிளேன்ரீக்காரி, பாதி மஞ்சள் அதிலேயே போய்விட்டது. அத்தோடு நிறுத்தலாம் என்றேன், கேட்கவில்லை. சரி, அவளுடைய கலியாணம். வாயில் கேப்போ பில்லிங்கோ இல்லை, சூத்தை இல்லை, ஆகவே ட்ரே. இரண்டாம் மூன்றாம் கிழமை போட்டாள். பதினோராம் நாள் இரவு படியிறங்கி வந்து வாயைத் திறந்து காட்டினாள். கண்ணின் வெண்மைக்கும் பல்லுக்கும் இனி வித்தியாசம் தெரியவில்லை. "போதும் பிள்ளை" என்றேன். போதும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. மிஞ்சிய இரண்டு ஊசிக்குழாய் ஜெல்லும் இப்போது அவர்கள் வீட்டு பிரிட்ஜில், மாங்காய் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன.